வெம்பக்கோட்டைப் பக்கம் ஒரு மத்தியானப் பேய்

பேய் இருக்கிறது என்று யாராவது சொன்னால் எனக்குக் கை அரிக்கும். பையைத் தூக்கிக்கொண்டு கிளம்பிவிடுவேன். இதற்கு முன் ஆறு வருஷத்தில் நாற்பத்தோரு இடம் பார்த்தாச்சு. ஒரு இடத்தில் பேய் என்பது மரநாய், ஒரு இடத்தில் ஓட்டை விழுந்த தண்ணீர்க் குழாய், ஒரு இடத்தில் பக்கத்து வீட்டுக்காரரின் குறட்டை. எல்லாவற்றையும் இந்தப் பக்கத்தில் எழுதியிருக்கிறேன். ஒன்றைக்கூட "தெரியவில்லை" என்று முடித்ததில்லை. அந்தத் திமிர் எனக்கு உண்டு, ஒத்துக்கொள்கிறேன்.

போன வருஷம் வைகாசி கடைசியில் ஆபீஸ் நண்பன் ஒருவன் போன் பண்ணினான். விருதுநகர்க்காரன். அவனுடைய சொந்தக்காரர் சண்முகவேல், வெம்பக்கோட்டைப் பக்கம் ஒரு பட்டாசு ஆலையில் போர்மேன். அங்கே ஒரு ஷெட்டில் மத்தியானம் பன்னிரண்டுக்கு மேல் வளையல் சத்தம் கேட்கிறதாம். அந்த ஷெட்டில் வேலை செய்கிற நாலு பெண்களும் பன்னிரண்டிலிருந்து மூன்று மணி வரை உள்ளே கால் வைக்க மாட்டோம் என்கிறார்களாம். தீபாவளி ஆர்டர் குவிந்து கிடக்கிறது. விவரம் தெரிந்த ஆள் ஒருத்தர் வந்து பார்க்கட்டும், பேய் இல்லையென்றால் திங்கட்கிழமையிலிருந்து மதியமும் வேலை ஓடட்டும் என்று முதலாளி சொல்லிவிட்டார். விவரம் தெரிந்த ஆள் நான்தான்.

ஒன்றை இங்கேயே சொல்லிவிடுகிறேன். ஆட்களின் பெயரை மாற்றியிருக்கிறேன். ஆலை இருக்கும் இடத்தையும் கொஞ்சம் தள்ளி வைத்திருக்கிறேன். கேட்டது வளையல் சத்தமும் இல்லை, வேறொன்று. ஏன் இத்தனை மூடுமந்திரம் என்று படித்தால் புரியும்.

மதுரை மாட்டுத்தாவணியில் காலை 5.10க்குப் பஸ் ஏறினேன். சிவகாசிக்கு 65 ரூபாய், இரண்டு மணி நேரம் பத்து நிமிஷம். பஸ் ஸ்டாண்டுக்கு வெளியே நாலு இட்லி, ஒரு வடை, ஒரு டீ, 52 ரூபாய். சட்னி காரம், இரண்டாம் தடவை கேட்காதீர்கள். 8.05க்கு வெம்பக்கோட்டை போகிற டவுன் பஸ். சுமார் பதினேழு கிலோமீட்டர்தான், ஆனால் ஊர் ஊராக நின்று போனதில் ஐம்பது நிமிஷம் ஆனது. பஸ் முழுக்க தூக்குவாளியோடு வேலைக்குப் போகிற பெண்கள். அவர்களுக்கு டிக்கெட் இலவசம், எனக்கு 14 ரூபாய். இறங்கி ஆட்டோ பிடித்தேன், 120 ரூபாய்.

"என்ன சோலியா வந்திருக்கீக சார்?" என்றார் ஆட்டோக்காரர்.

"பேய் பார்க்க."

கண்ணாடியில் என்னை ஒரு தடவை பார்த்தார். "இந்த வெயில்ல பேயாவது வெளிய வருமா? ராத்திரி வந்தாலாவது அர்த்தம் இருக்கு."

அவர் சொன்னது சரிதான். காலை ஒன்பதரைக்கே கரிசல் காடு கண்ணைக் கூச வைத்தது. சீமைக்கருவேல மரங்களுக்கு நடுவில், ஒன்றுக்கொன்று தள்ளித் தள்ளி, வெள்ளையடித்த சின்னச் சின்ன ஷெட்டுகள். ஒன்று வெடித்தாலும் அடுத்தது தப்பிக்கட்டும் என்றுதான் அந்த இடைவெளி.

கேட்டில் சண்முகவேல் அண்ணாச்சி நின்றார். ஐம்பது வயது இருக்கும், சாந்தமான மனிதர். முதல் வேலையாக என் செல்போனை வாங்கினார். பிறகு செருப்பு. பிறகு பக்கிள் வைத்த பெல்ட். பிறகு என் பாலியஸ்டர் டி-சர்ட்டை இரண்டு விரலால் தொட்டுப் பார்த்து, "இது உரசுனாலே ஆகாது சார்" என்று ஒரு பழைய பருத்திச் சட்டையைக் கொடுத்தார். பையில் ரெக்கார்டர், வெப்பமானி, காந்த மீட்டர் எல்லாம் இருந்தன. அத்தனையும் வாட்ச்மேன் கட்டிலுக்கு அடியில் போய்விட்டது. கடைசியில் என்னிடம் மிஞ்சியது ஒரு நோட்டும் ஒரு பென்சிலும். தொளதொள சட்டையும் வெறுங்காலுமாக நடந்தபோது பேய்தான் என்னைப் பார்த்துச் சிரித்திருக்கும்.

ஷெட்டுக்குப் பக்கத்தில் போனதுமே எனக்கு ஒரு துப்பு கிடைத்தது. வாசலில் ஒரு செம்புத் தகடு. ஒவ்வொரு பெண்ணும் அதில் உள்ளங்கையை வைத்து அழுத்திவிட்டுத்தான் உள்ளே போனாள். பேய்க்குக் காப்பு, மந்திரத் தகடு என்று நோட்டில் எழுதி அடிக்கோடும் போட்டேன்.

"இதை எந்தப் பூசாரி கட்டினார் அண்ணாச்சி?"

"பூசாரியா? உடம்புல இருக்க கரண்டு இறங்கணும்ல சார். எல்லா ஷெட்டுலயும் இருக்கே." அவர் சிரிக்கவில்லை. உள்ளே இருந்த நாலு பேரும் சிரித்தார்கள். நான் அடித்து எழுதினேன்.

பதினொன்றரை வாக்கில் அந்தப் பெண்களை விசாரித்தேன். செத்தது யார் என்பதுதான் என் முதல் கேள்வி எப்போதும். சாத்தூரிலிருந்து வந்த ஒரு பிள்ளைத்தாச்சி என்றாள் ஒருத்தி. கல்யாணம் ஆகாத பொண்ணு என்றாள் இன்னொருத்தி. மூன்றாமவளுக்கு ஞாபகம் இல்லை. நாற்பது வயதுக்காரி முத்துமாரி மட்டும் தலை நிமிராமல் மருந்து அடைத்துக்கொண்டிருந்தார். அங்கே மருந்து என்றால் வெடிமருந்து. அண்ணாச்சியைக் கேட்டேன். இந்த ஆலை ஆரம்பித்த நாளிலிருந்து இங்கே ஒரு உயிர்கூடப் போகவில்லை என்றார். எனக்குக் குஷி. கதை பாதி உடைந்துவிட்டது.

பன்னிரண்டு மணிக்கு நாலு பேரும் எழுந்து வெளியே போனார்கள். மருந்தையெல்லாம் எடுத்த பிறகு அண்ணாச்சி என்னை உள்ளே விட்டு வாசலுக்கு வெளியே நின்றுகொண்டார். நான் தரையில் உட்கார்ந்தேன். சத்தம் கேட்டது. நிஜமாகவே கேட்டது. கொஞ்ச நேரம் விட்டு மறுபடி. அது எங்கிருந்து வருகிறது என்று கண்டுபிடிக்க எனக்குப் பத்துப் பதினைந்து நிமிஷம் பிடித்தது. வெகு சாதாரணமான காரணம். மரநாயைவிடச் சாதாரணம். நோட்டில் எழுதினேன், கேஸ் முடிந்தது.

ஆனால் எழுந்து நிற்க முடியவில்லை. அரை மணி நேரம்கூட ஆகியிருக்காது, சட்டை உடம்போடு ஒட்டிக்கொண்டு கண்ணை இருட்டிக்கொண்டு வந்தது. ஃபேன் கிடையாது, அங்கே கரண்டே ஆகாது. சுவரைப் பிடித்து வெளியே வந்து புளியமரத்தடியில் பொத்தென்று உட்கார்ந்தேன். முத்துமாரிதான் தூக்குவாளி மூடியில் பழைய சோற்று நீச்சத்தண்ணி ஊற்றிக் கொடுத்தார். அண்ணாச்சி எனக்கு இளநீர் வாங்க ஆள் அனுப்புகிறேன் என்று கேட் பக்கம் போனார்.

"கண்டுபிடிச்சிட்டீகளா தம்பி?" என்றார் முத்துமாரி.

"கண்டுபிடிச்சிட்டேன்க்கா." என்னவென்றும் சொன்னேன்.

"அது எங்களுக்குத் தெரியாதா? ரெண்டு வருசமா அதுக்குக் கீழதான உக்காந்திருக்கோம்."

அவர் நிதானமாகத்தான் பேசினார். "உள்ள சூடு தாங்கல, மருந்தும் சூட்டுல சும்மா இருக்காது, மத்தியானம் வேண்டாம்னு அம்புட்டுச் சொன்னோம். கூட ஒரு தண்ணிக் கேன் வச்சாக. சத்தம் கேக்குதுன்னு ஒரு நாள் சொன்னோம். மறுநாளே பூட்டிட்டாக. மொதலாளிக்குப் பேயின்னாத்தான் பயம்."

"செத்தது யாருன்னு ஆளுக்கு ஒண்ணு சொல்றாங்களேக்கா."

"அவளுகளுக்குச் சொல்லத் தெரியல. எந் தங்கச்சி செல்வி. இங்கன இல்ல, வேற கம்பெனியில. மத்தியானம் ரெண்டு மணிக்குத்தான் வெடிச்சது. சீசன் நேரம், சாப்பிடக்கூட எந்திரிக்கல அவ." கொஞ்ச நேரம் வாளியைக் கழுவினார். "பேயா வந்தாலும் வரட்டும்னு எத்தனையோ நாள் பாத்துட்டேன் தம்பி. வரல. நான்தான் அவளைப் பேயா இங்கன நிக்க வச்சிருக்கேன். கூட வேலை பாக்குற இந்த மூணு பொண்ணுகளுக்கும் சின்னச் சின்னக் குழந்தைக."

எனக்கு அழுகை வந்துவிட்டது. மறைக்கவும் இல்லை. அவர் என்னிடம் எதையும் கெஞ்சிக் கேட்கவில்லை என்பதுதான் இன்னும் கஷ்டமாக இருந்தது. மூடியை வாங்கிக்கொண்டு மற்றவர்கள் பக்கத்தில் போய் உட்கார்ந்துவிட்டார்.

இளநீரோடு அண்ணாச்சி வந்தார். "என்ன சார், மொதலாளிக்கு என்ன சொல்லட்டும்?"

ஆறு வருஷமாக நான் யாரிடமும் மழுப்பியதில்லை. சாமியாடி என்னை அடிக்க வந்தபோதுகூட உண்மையைத்தான் சொன்னேன். இளநீரைக் குடித்து முடிக்கும்வரை யோசித்தேன்.

"கேட்டுச்சு அண்ணாச்சி. எனக்கும் கேட்டுச்சு. என்னன்னு சொல்லத் தெரியலை. மத்தியானம் அந்தப் பக்கம் யாரும் போகாம இருக்கிறதுதான் நல்லது."

அது பொய்தான். சுற்றி வளைத்து வேறு பெயர் வைக்க விரும்பவில்லை. அண்ணாச்சி என் நோட்டைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், புளியமரத்தடியைப் பார்த்தார். "அப்படியே சொல்லிடுறேன் சார்" என்றார். திரும்பி நடக்கும்போது நிம்மதியில் அவர் தோள் தளர்ந்ததைப் பார்த்தேன். அவருக்கும் தெரியும் என்றுதான் நினைக்கிறேன்.

அந்தப் பக்கம் போகிறவர்களுக்குச் சில விஷயங்கள். ஆலைகளுக்குள் சும்மா வேடிக்கை பார்க்க விடமாட்டார்கள், விடவும் கூடாது. தெரிந்தவர் இல்லாமல் போகாதீர்கள். பருத்தித் துணி போடுங்கள். வெம்பக்கோட்டை அணை பார்க்க வேண்டுமென்றால் காலை பத்து மணிக்குள் முடித்துவிடுங்கள். திரும்பும்போது விருதுநகரில் இறங்கி எண்ணெய் பரோட்டா சாப்பிட்டேன், மூன்று பரோட்டா 60 ரூபாய். அன்றைய மொத்தச் செலவு, திரும்பி வந்த ஆட்டோவும் பஸ்ஸும் சேர்த்து, 550 ரூபாய்க்கு உள்ளே. அது எந்த ஷெட் என்று கேட்டு மெயில் போடாதீர்கள், பதில் வராது. நாற்பத்திரண்டாவது கேஸில் நான் தோற்றுவிட்டேன் என்று கமெண்டில் எழுதுகிறவர்கள் தாராளமாக எழுதிக்கொள்ளலாம்.

இரண்டு மாதம் கழித்து சண்முகவேல் அண்ணாச்சி போன் பண்ணினார். அந்த ஷெட் இன்னும் பன்னிரண்டு முதல் மூன்று வரை பூட்டித்தான் இருக்கிறதாம்.

"இப்ப பக்கத்து மூணு ஷெட்டுலயும் சத்தம் கேக்குதாம் சார். மொதலாளி அதையும் பூட்டச் சொல்லிட்டாரு. நீங்க இன்னொரு தடவை வந்து பாத்துச் சொல்வீகளான்னு கேக்குறாரு."

எனக்கு லீவு இல்லை என்று சொல்லிவிட்டேன்.