தண்ணீர் கேட்காத செடி

மயிலாப்பூரில் எங்கள் ஃப்ளாட்டின் மாடிப்படி மூலையில் வெயிலும் வராது, மழைச் சாரலும் படாது. வேலைக்குப் போகிற எனக்குத் தோதாக, எப்போதாவது நனைத்தால் போதும் என்று நர்சரியில் சொன்ன ஸ்நேக் பிளான்ட்டை அங்கே தொட்டியில் வைத்தேன். சில வாரங்களிலேயே இலைகள் அடியில் அழுகிச் சாய்ந்தன. தேங்கிய தண்ணீரில் துளசி மிதந்தது.

எதிர்வீட்டு மாமியிடம் கேட்டேன்.

"பெருமாளுக்குத் திருமஞ்சனம் பண்ணின தீர்த்தம்மா. கால் படாத இடத்துலதானே கொட்டணும்? எல்லா ஆத்துலேர்ந்தும் இதுலதான் கொட்டிண்டிருக்கோம்."

சுவாமி தீர்த்தத்தை வேண்டாம் என்று எந்த வாயால் சொல்வேன்?

இப்போதெல்லாம் செடியை வீட்டுக்குள்தான் வைக்கிறேன். மூலையில் மண் மட்டும் நிரப்பிய தொட்டி இருக்கிறது. நேற்று அதில் தீர்த்தத்தைக் கொட்டிக்கொண்டே மாமி சொன்னார்: "ஒனக்குச் செடி வைக்கற கைராசியே இல்லடி!"