மூன்று செட்டு லாடம்

வண்டிக்காரர் லாடக்காரருக்கு மூன்று செட்டு லாடத்தின் காசு பாக்கி வைத்திருந்தார். ஒரு செட்டு என்றால் நாலு லாடம், ஆணியும் அடிக்கிற கூலியும் சேர்த்து. பெரிய தொகை ஒன்றும் இல்லை. அதைவிடப் பத்து மடங்கு கடனை வைத்துக்கொண்டு மீசையை முறுக்கித் திரிகிற ஆட்கள் கடைத்தெருவில் உண்டு. ஆனால் அந்தச் சின்னப் பாக்கிதான் தன் குதிரையைக் கொன்றது என்று வண்டிக்காரருக்குத் தெரியும். தனக்கு மட்டும்தான் தெரியும் என்றும் அவர் நினைத்திருந்தார்.

குதிரையின் பேர் சீமாட்டி. செம்பழுப்பு நிறம், நெற்றியில் விரலால் சுண்ணாம்பு தடவினதுபோல ஒரு கீற்று. வாங்கி வந்த அன்று தொட்டித் தண்ணீரை முகர்ந்து பார்த்து முகத்தைத் திருப்பிக்கொண்டது. வேறு தண்ணீர் மாற்றிய பிறகுதான் வாயை வைத்தது. "வந்துட்டா சீமாட்டி, இனி இவளுக்கும் நாந்தான் வேலைக்காரி" என்று வண்டிக்காரரின் மனைவி சொன்னதே பேராக ஒட்டிக்கொண்டது.

வண்டிக்காரரும் லேசுப்பட்ட ஆள் இல்லை. பள்ளிக்கூடத்தை மழைக்கு ஒதுங்கிய அளவில் அறிந்தவர். மீசை முளைக்கும் முன்னே மொத்தச் சந்தையில் மூட்டை சுமக்க வந்தவர், மீசை நரைக்கும் முன்னே சொந்த வண்டி, சொந்தக் குதிரை, தகரம் போட்ட சொந்த லாயம் என்று நிமிர்ந்துவிட்டார். அப்பன் வழியில் ஒரு செம்புகூட வரவில்லை. சோப்புப் பெட்டி இறக்கப் போன இடத்தில், கடைக்காரர் ரசீது எழுதுவதற்குள் இந்த வரலாறு முழுவதையும் சொல்லி முடித்துவிடுவார். அதனால் 'சவடால்' என்று பட்டப்பேர். அதில் அவருக்குக் கோபம் இல்லை. சவடால் அடிக்கவும் கையில் சரக்கு வேண்டாமா என்று கேட்பார். நான் எவன் காலையும் பிடித்து முன்னுக்கு வந்தவன் இல்லை, பிடித்ததெல்லாம் குதிரைக் கால்தான் என்பார்.

அந்தக் குதிரைக் காலில்தான் விதி உட்கார்ந்திருந்தது.

மகளின் பிரசவம் வந்த வருஷம் அது. ஆஸ்பத்திரிச் செலவு ஒரு பக்கம், கடைக்காரர்கள் வண்டி வாடகையை நாளைக்கு நாளைக்கு என்று இழுத்தது மறுபக்கம். மூன்று முறை கடனுக்கே லாடம் கட்டிக்கொண்டார். நாலாவது முறை போய் நின்றபோது, பட்டறையில் வேறு வண்டிக்காரர்கள் நாலைந்து பேர் முறைக்குக் காத்திருந்தார்கள். லாடக்காரர் மடியில் வைத்திருந்த குளம்பிலிருந்து தலையை நிமிர்த்தாமலே, "பழசைக் குடுத்துட்டு புதுசைப் பத்திப் பேசுப்பா. இரும்பு எனக்குச் சும்மாவா வருது?" என்றார்.

அதட்டிச் சொல்லவில்லை. தன் கஷ்டத்தைச் சொல்வதுபோலத்தான் சொன்னார். ஆனால் காத்திருந்தவர்களில் ஒருவன் களுக்கென்று சிரித்துவிட்டான். அந்தச் சிரிப்பு வண்டிக்காரரின் உச்சந்தலையில் போய் ஏறியது.

"உங்க பட்டறை இல்லாட்டி என் குதிரை நடக்காதாண்ணே? லாடம் அடிக்கிறது என்ன மலையைப் பொரட்டுற வேலையா? நானே அடிச்சுக்கிறேன்."

சொன்னபடியே செய்தார். தேய்ந்த லாடங்களைக் கழற்றி, இன்னும் ஒரு மாசம் தாங்கும் என்று கணக்குப் போட்டு, இரும்புக்கடையில் புது ஆணி வாங்கி, லாயத்துக்குப் பின்னால் உட்கார்ந்து அடித்தார். லாட ஆணிக்கு முகம் உண்டு. முனையில் ஒரு பக்கம் மட்டும் சரிவாக இருக்கும். சரிவு உள்பக்கம் பார்க்க அடித்தால், ஆணி வெளிப்பக்கமாக வளைந்து குளம்பு ஓட்டைத் துளைத்துக்கொண்டு பத்திரமாக வெளியே வரும். முகத்தைத் திருப்பி அடித்தால் நேரே சதைக்குள் போகும். இது வண்டிக்காரருக்குத் தெரியாத சங்கதி இல்லை. மூன்று காலுக்கு நன்றாகவே அடித்துவிட்டார். கடைசியாக இடது முன்னங்கால். அதற்குள் நினைப்பு ஆணியை விட்டுப் போய்விட்டது. பட்டறையில் சிரித்தவனைப் பார்த்தால் என்ன சொல்லலாம் என்று வார்த்தை தேடிக்கொண்டிருந்தார்.

ஓர் ஆணி திரும்பிப் போயிற்று. சீமாட்டி காலை வெடுக்கென்று இழுத்தாள். உடனே பிடுங்கி, திருப்பிச் சரியாக அடித்தார். ரத்தம் ஒரு பொட்டுதான். கட்டைவிரலால் துடைத்துவிட்டு, ஒன்றுமில்லை ஒன்றுமில்லை என்று கழுத்தைத் தட்டிக்கொடுத்தார். அன்று மத்தியானம் எந்தச் சரக்கும் இல்லாமல் வெறும் வண்டியைப் பூட்டி, நாலு லாடமும் கணீர் கணீரென்று ஒலிக்கப் பட்டறை வாசல் வழியாக ஓட்டிக்கொண்டு போனார். பின்னாளில் ஆணியைவிட அந்த ஒலிதான் அவர் நெஞ்சில் அதிகம் குத்தியது.

அடுத்த வாரமே சீமாட்டி தீனியைத் தொடவில்லை. தொட மனமில்லாமல் இல்லை, வாயைத் திறக்க முடியவில்லை. நாலு காலும் பெஞ்சுக் கால்போல விறைத்து நின்றன. மாட்டு டாக்டர் வந்தார். ரண ஜன்னிபோலத் தெரிகிறது, காயம் எங்காவது பட்டதா, கண்டுபிடித்தால் கீறிச் சுத்தம் பண்ணிப் பார்க்கலாம் என்றார். மனைவியும் மருமகனும் பக்கத்தில் நின்றார்கள். வண்டிக்காரர் தொண்டையைக் கனைத்துக்கொண்டு, "அப்படி ஒண்ணும் இல்லைங்க டாக்டர்" என்றார்.

ஊசி போட்டும் பயனில்லை. சீமாட்டி போய்விட்டாள்.

குதிரையை இரும்போடு மண்ணில் இறக்குவதில்லை என்று அந்தத் தொழிலில் ஒரு வழக்கம். லாடக்காரர் யாரும் கூப்பிடாமலே குறடோடு வந்தார். மூன்று கால் லாடத்தையும் கழற்றினார். இடது முன்னங்கால் லாடத்தைக் கழற்றியவர், குளம்பைத் திருப்பிப் பிடித்துக் கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு லாடங்களைச் சாக்கில் சுருட்டிக்கொண்டு, பாக்கியைப் பற்றி ஒரு வார்த்தை பேசாமல் போய்விட்டார்.

வண்டி ஏர்க்காலை வானத்துக்குத் தூக்கியபடி சுவரோரம் நின்றது. வண்டிக்காரர் பழையபடி மூட்டை தூக்கப் போனார். வயசு காலத்தில் இது எதற்கு என்று கேட்டவர்களிடம் உடம்பு துருப்பிடிக்கக் கூடாது பாருங்கள் என்று சமாளித்தார். அடுத்த குதிரை எப்போது என்றால், விலை இறங்கட்டும் என்பார். இறங்கினால், மழை விடட்டும் என்பார். மழை விட்டதும், நல்ல குதிரையெல்லாம் செத்துப்போச்சு என்றார்.

பணம் இல்லாமல் இல்லை. பேரப்பிள்ளை தவழத் தொடங்கியபோது இழுத்தடித்த வாடகையெல்லாம் வசூலாகி, மனைவியின் பிஸ்கட் டப்பாவில் அடுத்த குதிரைக்கென்று சேர்ந்திருந்தது. மருமகன் விடாக்கண்டன். சோடாக் கம்பெனி ஒன்று வண்டிக் குதிரையை விற்கிறது என்று கேள்விப்பட்டு, மாமனாரைக் கையோடு இழுத்துக்கொண்டு போனான். இளம் வெள்ளைக் குதிரை. பார்த்ததுமே வண்டிக்காரரின் தோளில் மூக்கை வைத்து மோந்தது. அவர் கை தன்னால் அதன் கழுத்துக்குப் போயிற்று. பழக்கதோஷத்தில் குனிந்து இடது முன்னங்காலைத் தூக்கினார். நல்ல குளம்பு, விரிசல் இல்லை. அடுத்த நொடி காலைக் கீழே விட்டுவிட்டு விறுவிறுவென்று வெளியே வந்துவிட்டார்.

"ஏன் மாமா?"

"பல்லு சரியில்ல."

"நீங்க பல்லையே பாக்கலையே மாமா."

வீட்டுக்கு வந்து மருமகன் அதைச் சொன்னதும் மகள் விழுந்து விழுந்து சிரித்தாள். மனைவி சிரிக்கவில்லை. சாப்பாட்டைப் போட்டுவிட்டு எதிரே உட்கார்ந்தாள்.

"ஏங்க, அவ செத்ததுக்கு நானும்தான் அழுதேன். ஆனா நீங்க அழற மாதிரி இல்ல, யாருக்கோ பயந்து ஒளிஞ்ச மாதிரி இருக்கீங்க. குதிரை வேணாம்னா வேணாம்னு சொல்லிடுங்க. லாயத்துல நான் விறகு அடுக்கிக்கிறேன்."

விறகு என்றதும் அவர் எடுத்த கவளத்தைத் தட்டிலேயே வைத்துவிட்டார். விறகு ஏறிவிட்டால் அங்கே இனிக் குதிரை வராது. குதிரை வந்தாலோ, ஒவ்வொரு மாசமும் அது அவர் முன்னே காலைத் தூக்கி நிற்கும். பொய் சொன்ன வாயோடு அந்தக் காலை எப்படித் தொடுவது? சாப்பிட்ட கையோடு மனைவியிடம் மட்டும் எல்லாவற்றையும் சொன்னார். அவள் எழுந்து போய் டப்பாவைக் கொண்டுவந்து வைத்தாள். "முதல்ல அந்தக் காசைக் குடுத்துட்டு வாங்க" என்றாள்.

மறுநாள் பட்டறையில் கூட்டம் இருக்கிற நேரமாகப் பார்த்துத்தான் போனார். நாலு பேர் முன்னே துப்பின சொல்லை நாலு பேர் முன்னேதான் விழுங்க வேண்டும்.

"அண்ணே, பழைய பாக்கி."

"இப்ப என்னப்பா அவசரம்? குதிரை இல்லாதவன்கிட்ட லாடக் காசு வாங்கவா நான் உக்காந்திருக்கேன்?"

"இல்லாமப் போனதே அதனாலதாண்ணே. ஆணியைத் திருப்பி அடிச்சுட்டேன். டாக்டர் கேட்டதுக்கும் இல்லைன்னுட்டேன்."

சுத்தியல் நின்றது. காத்திருந்தவர்கள் ஆளுக்கொரு பக்கம் பார்த்தார்கள். முன்பு சிரித்தவனும் அங்கே இருந்தான். இன்றைக்கு அவன் சிரிக்கவில்லை.

"தெரியும். கழட்டும்போதே பாத்தேன். லாடத்து ஓட்டை ஒண்ணு, குளம்புல ஆணித் தடம் ரெண்டு."

"அப்பவே நாலு வார்த்தை கேட்டிருக்கலாமேண்ணே."

லாடக்காரர் சுத்தியலைக் கீழே வைத்தார். "எந்த வாயால கேக்கறது? அடிக்க மாட்டேன்னு சொன்னதும் இதே வாய்தானே. இன்னொரு மாசம் பொறுத்திருந்தா என் குடியா முழுகியிருக்கும்?"

பிறகு அவரே, "சோடாக் கம்பெனி வெள்ளையைப் பாத்தியாமே. பல்லு சரியில்லையாம்" என்றார்.

"பல்லை எங்கே பாத்தேன். காலைப் பாத்தேன். நல்ல கால்."

லாடக்காரர் வலது கையைக் கால்சட்டையில் துடைத்துவிட்டு நீட்டினார். கரி ஏறிய, காய்த்துப்போன உள்ளங்கை. வண்டிக்காரர் ஒவ்வொரு நோட்டாக வைத்தார். முதல் செட்டு, இரண்டாவது, மூன்றாவது. பாக்கி தீர்ந்தது. நெஞ்சில் இருந்தது தீரவில்லை, அது தீர்கிற கணக்கும் இல்லை.

லாடக்காரர் கையை மூடவில்லை. நீட்டியது நீட்டியபடியே நின்றது.

வண்டிக்காரர் விரலில் எச்சில் தொட்டுக்கொண்டு, இன்னும் வாங்காத குதிரையின் நாலு காலுக்கும் காசை அந்தக் கையில் எண்ணி வைத்தார்.