வௌவால் விஞ்ஞானிக்காக ஹாலைச் சுத்தம் செய்த கதை

1. எனக்குப் பொறுப்பு வந்த விதம்

நான் வணிகவியல் பேராசிரியை. டெபிட், கிரெடிட் தவிர வேறு எந்த விஞ்ஞானமும் எனக்குத் தெரியாது. அந்தத் தகுதிக்காகத்தான் எங்கள் கல்லூரியின் அறிவியல் விருதுச் சொற்பொழிவுத் தொடருக்கு என்னை ஒருங்கிணைப்பாளர் ஆக்கினார்கள்.

கல்லூரி காவிரிக்குத் தெற்கே, கே.கே. நகரைத் தாண்டி இருக்கிறது. அதன் கரஸ்பாண்டன்ட் தன் தகப்பனார் நினைவாகத் தொடங்கிய தொடர் அது. ஆண்டுதோறும் ஒரு பெரிய இயற்கை விஞ்ஞானியை அழைப்போம். விருது கொடுப்போம். நேரம் மிச்சமிருந்தால் பேசவும் விடுவோம். 'பல்துறைச் சொற்பொழிவு' என்று பெயர். அதாவது, எல்லாத் துறை மாணவர்களையும் ஒரே ஹாலில் உட்காரவைத்துக் கதவை வெளியே தாழ்ப்பாள் போடுவோம்.

முதல் நாள் கரஸ்பாண்டன்ட் அறைக்குப் போய், "சார், எனக்கு சயின்ஸே தெரியாதே" என்றேன்.

"அதுக்குத்தான் மேடம் உங்களைப் போட்டேன். போன வருஷம் ஃபிசிக்ஸ்காரர்கிட்ட கொடுத்தேன், கெமிஸ்ட்ரி முழுக்க லீவு போட்டுட்டாங்க. நீங்கன்னா எல்லாருக்கும் சமமா பிடிக்காது."

இதைவிட நேர்மையான நியமன ஆணையை என் பணிக்காலத்தில் நான் பெற்றதில்லை.

2. அறிஞர் வருகை

அந்த ஆண்டு தேர்வுக்குழு டாக்டர் வசுமதியைத் தேர்ந்தெடுத்தது. சொந்த ஊர் மதுரைப் பக்கம். வடக்கே ஓர் ஆய்வு நிறுவனத்தில் வேலை. வௌவால்கள் எழுப்பும் ஒலி, அவை தின்னும் பூச்சிகள், அதனால் வயலுக்கு வரும் லாபம் என்று மூன்று துறைகளை ஒன்றாகப் பிடித்து ஆராய்ந்தவர். குழுவில் யாரும் அவருடைய கட்டுரைகளைப் படித்திருக்கவில்லை. படித்திருந்தால் கருத்து வேறுபாடு வந்திருக்கும். படிக்காததால் ஏகமனதாகத் தேர்வானார்.

நிகழ்ச்சிக்கு முந்தின நாள் மதியம் வந்து இறங்கினார். தங்க ஏற்பாடு செய்த ஹோட்டலைப் பார்த்துவிட்டு, "உங்க வீடு எங்க மேடம்?" என்றார். ஸ்ரீரங்கம் என்றேன். "அப்ப அங்க போவோமா? சாயங்காலம் கோபுரத்துல இருந்து வெளிய வருவாங்க, பார்க்கணும்."

யார் வருவார்கள் என்று எனக்கு விளங்க ஒரு நிமிடம் ஆயிற்று.

சித்திரை வீதியில் நின்று இருவரும் அண்ணாந்து பார்த்தோம். விளக்கு வைக்கும் நேரத்தில் கோபுரத்தின் மேல் நிலையிலிருந்து சின்னச் சின்னதாக எதுவோ உதிர்ந்து காவிரிப் பக்கம் பறந்தது. எத்தனையோ வருடமாக அந்த வீதியில் காய்கறி வாங்குகிறேன். கத்தரிக்காயைப் பார்த்த அளவுக்குக் கோபுரத்தைப் பார்த்ததில்லை என்பது அன்று தெரிந்தது. டாக்டர் சிறுபிள்ளை மாதிரி சிரித்துக்கொண்டிருந்தார்.

"இது குட்டி போடுற சீசன். அம்மாங்க குட்டியை உள்ள விட்டுட்டு இரைக்குப் போறாங்க" என்றார்.

3. சுத்தம்

மறுநாள் காலை ஒன்பது மணிக்கே ப்ரொஜெக்டர் பார்க்க வந்துவிட்டார். ஹால் வாசலில் பிரம்மாண்ட ஃப்ளெக்ஸ். 'வௌவால்களின் தோழியே, வருக!' என்ற வரிக்குக் கீழே கரஸ்பாண்டன்ட் படமும், அதைவிடச் சிறியதாக சீஃப் கெஸ்ட் படமும், மூலையில் பாஸ்போர்ட் அளவில் டாக்டர் படமும் இருந்தன.

உள்ளே போனதும் டாக்டர் மைக்கைப் பிடித்தார். 'ஹலோ, மைக் டெஸ்டிங்' என்று சொல்லவில்லை. மூக்கை உறிஞ்சினார்.

"இது என்ன வாசனை?"

"புது பெயின்ட் மேடம், உங்களுக்காக" என்றேன் பெருமையாக.

"பெயின்ட் இல்ல. ஃபேன், ஏசி எல்லாத்தையும் ஆஃப் பண்ணச் சொல்லுங்க."

எல்லாம் நின்றது. ஃபால்ஸ் சீலிங்குக்கு மேலிருந்து மெல்லிய கிரீச் ஒலிகள் கேட்டன. நூற்றுக்கணக்கில் இருக்கும். எனக்கு எலிக்குஞ்சு மாதிரி கேட்டது. டாக்டரின் முகம் வெளுத்துவிட்டது.

எங்கள் கட்டட சூப்பர்வைசர் ஜமால் பாய் ஓடி வந்தார். "என்ன மேடம், சவுண்டு சரியில்லையா?"

"மேல வௌவால் இருந்துச்சா பாய்?" என்று டாக்டர் கேட்டார்.

"இருந்துச்சு மேடம். பெரிய தொந்தரவு. நீங்க வர்றீங்கன்னு கரஸ்பாண்டன்ட் சார் கிளீன் பண்ணச் சொன்னாரு. ஆனா ஒண்ணைக்கூட கொல்லல மேடம். நேத்து சாயங்காலம் எல்லாம் வெளிய பறந்தப்புறம்தான் வென்டிலேட்டருக்குக் கம்பி வலை அடிச்சோம். பாவம் பார்த்துத்தான் செஞ்சோம்."

"பறந்தது அம்மாங்க மட்டும்தான் பாய். குட்டிங்களுக்குப் பறக்கத் தெரியாது. உள்ள மாட்டிக்கிச்சு."

ஜமால் பாய் தலையிலிருந்த தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டார்.

ஹாலின் பின்பக்கம் போய்ப் பார்த்தோம். பட்டப்பகலில், சன்ஷேடுக்கு அடியில், தாய் வௌவால்கள் கொத்துக் கொத்தாகத் தொங்கிக்கொண்டிருந்தன. சில வலையையே பற்றிக்கொண்டிருந்தன.

வௌவால்களுக்காக வாழ்நாளைச் செலவிட்டவரை கௌரவிக்க, அவர் வரும் நாள் பார்த்து, ஒரு வௌவால் குடியிருப்பையே அடைத்து வைத்திருக்கிறோம். இப்படி ஒரு விருந்தோம்பல் வேறு எந்தக் கல்லூரியிலும் கிடைக்காது.

4. நெறிமுறை

கரஸ்பாண்டன்ட் பட்டு வேட்டி சரசரக்க வந்தார். விஷயத்தைச் சொன்னோம்.

"அதுக்கென்ன மேடம், நாளைக்குப் பிரிச்சுடலாம். சீஃப் கெஸ்ட் நம்பர் ஒன் டோல்கேட் தாண்டிட்டாரு."

"நாளைக்கு உயிரோட இருக்காது சார். ராத்திரி பூரா பால் குடிக்கல" என்றார் டாக்டர்.

"நீங்க எவ்வளவு பெரிய சயின்டிஸ்ட்! கேவலம் வௌவாலுக்காக ஒரு வி.ஐ.பி.யை வெயிட் பண்ண வைக்கலாமா?"

"கேவலம் வௌவாலுக்காகத்தானே சார் என்னைக் கூப்பிட்டீங்க?"

கரஸ்பாண்டன்ட் என்னைப் பார்த்தார். எல்லோருக்கும் சமமாகப் பிடிக்காதவள் என்பதால்தான் இந்த வேலை எனக்குக் கிடைத்தது. அதைச் செய்யும் நேரம் வந்துவிட்டது என்று புரிந்தது.

"சார், வலையை இப்பவே பிரிச்சுடலாம். விழா அது பாட்டுக்கு முன்பக்கம் நடக்கட்டும். சொற்பொழிவை மட்டும் சாயங்காலம் வச்சுக்கலாம்" என்றேன்.

கரஸ்பாண்டன்ட் முகம் மலர்ந்தது. "சொற்பொழிவு இல்லையா? அப்ப பதினொன்றரைக்கெல்லாம் சாப்பாடு போட்டுடலாமே! இதை முதல்லயே சொல்லக் கூடாதா?"

"முதல்ல வலை. அப்புறம்தான் நான் மேடை ஏறுவேன்" என்றார் டாக்டர்.

ஜமால் பாய் ஆள் அனுப்பவில்லை. அவரே ஏணியில் ஏறினார். பட்டுப்புடவையோடு டாக்டர் ஒரு பக்கமும் நான் மறுபக்கமும் ஏணியைப் பிடித்துக்கொண்டோம். வாசலில் பேண்டு வாத்தியம் முழங்க சீஃப் கெஸ்ட் காரிலிருந்து இறங்கிய நேரத்தில், கடைசி வலை எங்கள் காலடியில் விழுந்தது. தாய்கள் ஒவ்வொன்றாகத் தவழ்ந்து உள்ளே போயின.

விழா சிறப்பாக நடந்தது. சொற்பொழிவு இல்லை என்பதை யாரும் கவனித்ததாகத் தெரியவில்லை. "பறவையினத்துக்கே பெருமை சேர்த்தவர் நம் டாக்டர்" என்று சீஃப் கெஸ்ட் ஆரம்பித்தார். அவர் மூன்றாவது பக்கத்தைப் புரட்டும்போது சீலிங் விளக்கின் இடுக்கு வழியே ஒரு வௌவால் இறங்கி மேடையை வட்டமிட்டது. அவர் நான்காவது பக்கத்துக்குப் போகவேயில்லை. எங்கள் தொடரின் வரலாற்றில் மிகச் சுருக்கமான சிறப்புரை அதுதான்.

"மேடம், நிபா கிபா வந்துடுமா?" என்று கரஸ்பாண்டன்ட் என் காதருகே கேட்டார்.

டாக்டரே திரும்பி, "கையால தொடாம இருங்க, போதும். இது பூச்சி திங்கிற ஜாதி" என்றார்.

5. சொற்பொழிவு

மாலை ஆறு மணி வாக்கில் ஹாலின் பின்பக்க மைதானத்தில் கூடினோம். ஹாஸ்டல் பிள்ளைகள், பஸ்ஸைத் தவறவிட்ட சிலர், ஜமால் பாய், நான். தாழ்ப்பாள் போட அங்கே கதவே இல்லை. வர வேண்டும் என்று நினைத்தவர்கள் மட்டும் வந்திருந்தார்கள்.

டாக்டர் கையுறை போட்டுக்கொண்டு, சீலிங்குக்குள் இறந்து கிடந்த குட்டிகளை ஓர் அட்டைப் பெட்டியில் எடுத்து வந்திருந்தார். நிறைய இல்லை. அந்தப் பெட்டியை மெதுவாகக் கீழே வைத்து மூடியைச் சாத்தினார்.

பிறகு சிறிய கருவி ஒன்றை எடுத்தார். நம் காதுக்கு எட்டாத ஒலியை எட்டும்படி மாற்றித் தருமாம். இருட்டத் தொடங்கியதும் வென்டிலேட்டரிலிருந்து வௌவால்கள் கிளம்பின. கருவி டொக், டொக் என்றது. பூச்சியை நெருங்க நெருங்க வேகம் கூடி, பட்டாசுச் சரம் மாதிரி வெடித்து, சட்டென்று நின்றது.

"பிடிச்சிடுச்சு" என்றார் டாக்டர். பிள்ளைகள் கை தட்டினார்கள்.

இயற்பியல் பையன் ஒருவன் எதிரொலியைப் பற்றிக் கேட்டான். என் பி.காம். மாணவி எழுந்தாள், லால்குடிப் பக்கத்துப் பெண். "மேம், எங்க நெல் வயலுக்கும் இதுங்க வருமா? அப்பா குருத்துப்பூச்சிக்கு மருந்தடிச்சே ஓஞ்சு போயிட்டாரு." டாக்டர் அவள் பக்கத்தில் தரையில் உட்கார்ந்து பதில் சொன்னார். நான் பார்த்த ஒரே பல்துறைச் சொற்பொழிவு அதுதான்.

போட்டோவுக்காக வந்த கரஸ்பாண்டன்ட் கருவியைக் காதில் வைத்துப் பார்த்தார். "இவ்வளவு சத்தமா போடுது! இத்தனை நாளா நம்ம தலைக்கு மேலயா?" என்றார். போட்டோ எடுக்க மறந்துபோனார். வலையை மறுபடி அடிக்கச் சொல்லவும் இல்லை. அவரைப் பற்றி ஒரு நல்ல விஷயம் சொல்ல வாய்ப்புக் கிடைத்ததில் மகிழ்ச்சி.

அந்த மகிழ்ச்சி அடுத்த தேர்வுக்குழுக் கூட்டம் வரை நீடித்தது. அதில் அவர் ஒரே ஒரு நிபந்தனைதான் வைத்தார்: "இந்த வருஷம் நம்ம கேம்பஸுக்குள்ள இல்லாத ஏதாச்சும் ஒண்ணை ஆராய்ச்சி பண்றவரா பாருங்க." நட்சத்திரங்களை ஆராய்பவர் ஒருவரைத் தேர்ந்தெடுத்தோம்.

இளையவர்களுக்கு ஒரு பாடம் சொல்ல வேண்டுமென்றால், இதுதான்: ஓர் அறிஞரை கௌரவிக்கக் கிளம்பும் முன், அவர் எதை மதிக்கிறார் என்று அவரிடமே கேட்டுவிடுங்கள். அதன்பின் நான் பொறுப்பிலிருந்தவரை ஒவ்வொருவருக்கும் போன் செய்து, "நீங்க வர்றதுக்கு முன்னால நாங்க எதைச் செய்யாம இருக்கணும்?" என்று கேட்டேன். பெரும்பாலானோர் சிரித்துவிட்டு, ஒன்றுமில்லை என்றார்கள். ஒருவர் மட்டும், "தயவுசெய்து எனக்குப் பொன்னாடை போர்த்தாதீங்க" என்று கேட்டுக்கொண்டார்.

அவருக்கு ஏழு பேர் போர்த்தினார்கள்.