பூட்டன் கட்டிய மணி

"எம்.எஸ்ஸி. முடிச்சாலும் அகதி அகதிதானம்மா. எதுக்கு இம்புட்டு மெனக்கெடுத?"

முகாமில் ஆள் கணக்குப் பார்க்க வந்த அதிகாரி என் மதிப்பெண் பட்டியலைப் பார்த்துவிட்டுக் கேட்டார். எங்கள் வீட்டில் பள்ளிக்கூடம் போன முதல் ஆள் நான். பாளையங்கோட்டையில் பிறந்து, தாமிரபரணித் தண்ணீர் குடித்து வளர்ந்தவள். ஆனாலும் அரசு ஆசிரியர் வேலைக்கு விண்ணப்பிக்க முடியாது. நான் இந்தியக் குடிமகள் இல்லையாம்.

பின்னே யாருடைய குடிமகள்? அப்பாவின் தாத்தா, என் பூட்டன், இந்த ஆற்றங்கரையிலிருந்து இலங்கைத் தேயிலைத் தோட்டத்துக்குப் போனவர். வெள்ளைக்காரன் கொடியை இறக்கிவிட்டுப் போன வருடமே, அங்கே சட்டம் போட்டுத் தோட்டத்து ஜனங்களை நாடற்றவர்கள் ஆக்கினார்கள். அப்பா அங்கே நாடில்லாமல் பிறந்தார். நான் இங்கே நாடில்லாமல் பிறந்தேன்.

கலவரத்துக்குத் தப்பிப் படகில் வந்து இறங்கிய அன்று, "சொந்த ஊர் எது?" என்று அப்பாவிடம் கேட்டிருக்கிறார்கள். இலங்கையின் தேயிலை மலையில் ஊர் என்றால் வேலை பார்க்கும் தோட்டம்தான். அப்பா அதன் பெயரைச் சொன்னார். அதையே பதிந்துகொண்டார்கள்; பூட்டனின் ஊர் ஏட்டில் ஏறாமல், நாங்கள் வெறும் இலங்கை அகதிகள் ஆனோம்.

"நான்தாம்மா தப்பாச் சொல்லிட்டேன்" என்பார் அப்பா. எனக்குப் பற்றிக்கொண்டு வரும். அதற்கு மேல் ஒரு கேள்வி கேட்காதவன் செய்தது தப்பில்லையா?

இங்கே பங்குனி உத்திரத்தன்று ஒவ்வொரு குடும்பமும் தன் குலதெய்வமான சாஸ்தாவின் கோயிலுக்குப் போகும். எங்கள் சாஸ்தா எது என்பதை மலையிலும் எங்களவர்கள் மறக்கவில்லை. இந்த வருடம் முகாமில் அனுமதி வாங்கிக்கொண்டு போனோம். பொங்கலிட இடம் பார்த்தபோது கோயில் நிர்வாகி ஒருவர் மறித்தார்.

"யாரு வகையறாவே? இங்கன பார்த்ததில்லையே?"

அப்பா பூட்டனின் பெயரைச் சொன்னார்.

"சிலோனுக்குப் போனவரா? மேல பாரும்வே, உம்ம ஆளு கட்டுன மணில்லா தொங்குது!"

மணியில் பூட்டனின் பெயரும் ஊரும் வெட்டியிருந்தன. அப்பா எட்டி எட்டி அடித்தார். நான் அழவில்லை. ஒரு கோயில் மணிக்குத் தெரிந்தது ஒரு தேசத்துக்குத் தெரியவில்லையே என்று கொதித்தது.

கைபேசியில் எடுத்த மணியின் படத்தைக் காட்டியபோது முகாமுக்கு வரும் அந்த அதிகாரி சிரித்தார். "மணியெல்லாம் ஆவணம் ஆகுமாம்மா?"

ஆகுமா என்பதை அவர் சொல்ல வேண்டாம். நிர்வாகியிடம் வாக்குமூலம் எழுதி வாங்கினேன். மதுரை உயர் நீதிமன்றக் கிளைக்குப் போய், வக்கீல் நீட்டிய வக்காலத்தில் கையெழுத்துப் போட்டேன். குடியுரிமை கேட்கும் மனுவில் சொந்த ஊர் என்ற இடத்தில் பூட்டனின் ஊரை எழுதச் சொன்னேன். நேற்று நீதிமன்றம் மனுவை எடுத்துக்கொண்டு வழக்குக்கு எண் கொடுத்துவிட்டது.