குழிக்குக் காவல்

1. வாயிலில் ஒரு சொற்பொழிவு

வேலைக்குச் சேர்ந்த முதல் நாளே என்னைத் திருடி என்று சந்தேகித்துத் தொழிற்சாலை வாயிலில் நிறுத்திவைத்தார்கள்.

தொண்ணூறுகளின் நடுப்பகுதி அது. அம்பத்தூர் தொழிற்பேட்டையில் பம்புகளுக்கு உதிரிப்பாகம் செய்யும் ஒரு நிறுவனம் என்னை விளையாட்டு ஒதுக்கீட்டில் ஸ்டோர்ஸ் எழுத்தராக எடுத்திருந்தது. காலை ஷிஃப்ட் முடிந்து இரண்டு மணிக்கு வெளியேறும்போது என் தோள்பையில், விளையாட்டுச் செயலாளர் அன்று காலைதான் பழகச் சொல்லிக் கொடுத்திருந்த ஓர் இரும்புக் குண்டும், அதோடு இணைந்த நீளக் கம்பியும், முக்கோணக் கைப்பிடியும் இருந்தன. மொத்தம் நான்கு கிலோ. பாடப்புத்தகத்தில் அதற்குச் சங்கிலிக் குண்டு என்று பெயர். மைதானத்தில் எல்லோருக்கும் அது ஹாமர்தான். வாயிற்காவலர் முனுசாமிக்கோ அது நிறுவனத்துச் சொத்து.

பள்ளிக்கூட நாள்முதல் மேடையில் பேசிப் பழகியவள் நான். மாவட்ட அளவில் வாங்கிய ஏழு கேடயங்கள் வீட்டில் இருந்தன. அவற்றை வைக்க அலமாரிதான் இல்லை. ஆகவே பையைக் கீழே வைத்தேன். விளையாட்டின் மேன்மை, பெண்ணின் உரிமை, காவலரின் கடமை என்று மூன்று கூறுகளாகப் பகுத்து, ஷிஃப்ட் முடிந்து வந்த கூட்டத்தையே அவையாகக் கொண்டு உரையாற்றினேன். இரண்டு இடங்களில் கைதட்டலும் கிடைத்தது. முனுசாமி முழுவதையும் பொறுமையாகக் கேட்டார்.

"நல்லா பேசறமா. கேட்டுக்கினே இருக்கலாம் போல கீது. பாஸ் கீதா?"

இல்லை. பொருளை வெளியே கொண்டுபோய்த் திருப்பிக் கொண்டுவருவதற்கு ரிட்டர்னபிள் கேட் பாஸ் என்று ஒன்று உண்டு. அதை எழுதித் தரவேண்டியவர் ஸ்டோர்ஸ் எழுத்தர். அன்றுமுதல் இன்றுவரை 'இரும்புக் குண்டு ஒன்று, கம்பி ஒன்று, கைப்பிடி ஒன்று' என்று நானே எனக்கு விண்ணப்பித்து, நானே அனுமதித்து, மறுநாள் காலையில் நானே என்னிடமிருந்து பெற்றுக்கொண்டு கையொப்பமிட்டு வருகிறேன். என் விண்ணப்பம் ஒருமுறைகூட நிராகரிக்கப்பட்டதில்லை.

2. ஐவரில் மூவர்

எங்கள் விளையாட்டுச் செயலாளர் கோதண்டம். உத்தியோகம் கேன்டீன் மேற்பார்வை. அவர் வாழ்நாளில் தூக்கி எறிந்த ஒரே பொருள் மீந்துபோன சாம்பார் என்று லேத் பிரிவில் சொல்வார்கள். ஆனால் அந்த மனிதரின் தலைக்குள் ஒரு படைத்தலைவன் உட்கார்ந்திருந்தான். வட்டு எறிதலில் எனக்கிருந்த பதக்கங்களைப் பார்த்துவிட்டு உதட்டைப் பிதுக்கினார். வட்டில் என்னைவிட வலிமையானவர்கள் பத்துப் பேர் இருந்தார்கள். பெண்களுக்கான ஹாமரை அப்போதுதான் மாநிலப் போட்டியில் புதிதாகச் சேர்த்திருந்தார்கள். அதில்தான் அவருக்குக் கண்.

"அஞ்சு பேருதாம்மா வராங்கோ. மூணு பேருக்கு மெடலு. மிச்சம் ரெண்டு பேரு. அந்த ரெண்டு பேர்ல நீ இல்லாம பாத்துக்கினா போதும், அவ்ளோதான் மேட்டரு."

விளையாட்டுத் தத்துவத்தை இதைவிடச் சுருக்கமாக எவரும் எனக்குச் சொன்னதில்லை.

பணியாளர் மேலாளர் அதே கணக்கை வேறு குரலில் சொன்னார். ஒரு வருஷக் காண்டிராக்ட். மாநிலப் போட்டியில் முதல் மூன்று இடங்களுக்குள் வந்தால் வேலை நிரந்தரம், வராவிட்டால் வீடு. "பேச்செல்லாம் வேண்டாம், ரிசல்ட் போதும்" என்றும் சேர்த்துக்கொண்டார். என் விண்ணப்பத்தில் பேச்சுப் பரிசுகளுக்காக இரண்டு பக்கங்களை ஒதுக்கியிருந்தேன். அதற்கான பதில் அது.

அப்பா வேலைபார்த்த ஆலை கதவடைப்பில் கிடந்தது. தங்கைகள் இருவரும் பள்ளியில். மேனாம்பேட்டில் எங்கள் வீட்டில் மாதச் சம்பளம் என்றால் அது நான்தான். அம்மா செவ்வாய்தோறும் அந்தோணியார் கோவிலுக்குப் போகிறவள். எத்தனையாவது இடம் கேட்டு வேண்டிக்கொள்வது என்று என்னிடமே விசாரித்தாள். மூன்றாவது போதும் என்றேன். புனிதரை அளவுக்கு மீறிச் சிரமப்படுத்த எனக்கு மனமில்லை.

3. ஏரிக்குள் வட்டம்

பயிற்சிக்கு மைதானம் இல்லை. வற்றிய ஏரியில் கோதண்டம் ஓர் இடம் பார்த்தார். எங்கள் ஃபேப்ரிகேஷன் பிரிவு ஸ்கிராப் பட்டையை வளைத்து வளையம் செய்து கொடுத்தது. அதைப் பதித்து, நடுவில் சிமென்ட் பூசி, யாரிடமும் அனுமதி கேட்காமல் ஒரு வட்டத்தை உண்டாக்கினோம். மழைக்காலத்தில் ஏரி அதைத் திரும்ப எடுத்துக்கொள்ளும். தண்ணீர் வடியும்வரை ஸ்டோர்ஸ் பின்கட்டில் வெறுங்கையோடு சுழன்றுகொண்டிருப்பேன். புதிதாக வந்த லோடுமேன் ஒருவர் எனக்குச் சாமி வந்துவிட்டதாக எண்ணிக் கும்பிட்டுவிட்டுப் போனார்.

ஹாமர் எறிவது எளிதல்ல. வட்டத்தின் பின்பக்கம் நின்று, தலைக்கு மேலாகக் குண்டை இரண்டுமுறை வீசி, இடது குதிகாலின்மீதும் விரல்களின்மீதும் மாறிமாறிச் சுழன்று, மூன்றாவது சுற்றில் விடவேண்டும். ஒரு நொடி முந்தினால் வலப்பக்கம், பிந்தினால் இடப்பக்கம். முதல் இரண்டு மாதங்களில் நான் எறியாத திசை ஏதுமில்லை. ஏரியில் கிரிக்கெட் ஆடிய பையன்கள் என் அட்டவணைக்கேற்ப ஆட்டத்தை மாற்றிக்கொண்டார்கள். நான் வட்டத்தில் கால் வைத்தால் போதும், ஒரு குரல் எழும்: "மாமே, அக்கா சுத்த ஆரம்பிச்சிட்டாங்கோ, ஸ்டம்ப புடுங்கிக்கினு ஓடு."

சுழலக் கற்றதோடு நான் நிற்கவில்லை. விதிப்புத்தகத்தின் நகலொன்றைத் தேடிப் பெற்று, ஹாமருக்குரிய விதிகளை மேடைப்பேச்சை மனப்பாடம் செய்வதுபோல உருப்போட்டேன். எதிரணியின் நூலையும் படித்துவிட்டே மேடையேறு என்பது சொற்போரின் முதல் பாடம். அந்தப் புத்தகத்தை என்னைத் தவிர வேறு எவரும் படித்திருக்க மாட்டார்கள் என்ற செருக்கும் எனக்கு இருந்தது. அந்தச் செருக்கு நியாயமானது என்பதுதான் சோகம்.

4. வாதத்தில் வென்ற நாள்

முதலாண்டு மாநிலப் போட்டி. கோதண்டம் சொன்னபடி ஐந்தே பேர். ஒவ்வொருவருக்கும் ஆறு வாய்ப்பு. நான்கு வாய்ப்புகள் முடிந்தபோது நான் நான்காவது. ஐந்தாவது வாய்ப்பில் குண்டை வீசும்போது அது எனக்குப் பின்னால் தரையை லேசாகத் தொட்டது, புழுதி கிளம்பியது. நான் நிறுத்தாமல் தொடர்ந்து சுழன்று விட்டேன். அதுவரை நான் எறிந்ததிலேயே நீளமான எறி. நிச்சயம் இரண்டாமிடம்.

வட்டத்து நடுவர் சிவப்புக் கொடியைத் தூக்கினார். வாழ்நாளெல்லாம் ஈட்டிக்கு நடுவராக இருந்த பெரியவர் அவர். குண்டு தரையில் பட்டால் தவறு என்று தாமாகவே முடிவு செய்துவிட்டார்.

வீசும்போது குண்டு தரையைத் தொடுவது தவறன்று. தொட்டபின் நிறுத்தி மறுபடி தொடங்கினால்தான் தவறு. விதி அவ்வளவு தெளிவு. வாழ்நாளெல்லாம் நான் காத்திருந்த தலைப்பு அது. வட்டத்துக்கு வெளியே வந்து நின்று, விதியின் வாசகத்தை முதலில் ஆங்கிலத்தில் ஒப்பித்தேன். பிறகு தமிழில் விளக்கினேன். எதிர்வாதத்தை நானே எழுப்பி நானே வீழ்த்தினேன். கேலரியில் இருந்தவர்கள் எழுந்து நின்று கேட்டார்கள். தலைமை நடுவர் வந்தார். புத்தகத்தை வரவழைத்துக் கண்ணாடியைத் துடைத்து மாட்டிக்கொண்டு படித்தார்.

"நீ சொல்றது கரெக்ட்தாம்மா" என்றார். என் வாழ்வின் மிக இனிய தீர்ப்பு. அடுத்ததாக, "சரி, குழி எங்க? அளந்துடலாம்" என்றார்.

எல்லோரும் திரும்பிப் பார்த்தோம். ஹாமர் விழும் இடத்தில் குழி விழும். அடுத்தவர் கால் மடங்காமலிருக்க அதை மூடுவது களப்பணியாளரின் வேலை. மண்வெட்டியோடு நின்றிருந்த அவர், சிவப்புக் கொடியைப் பார்த்ததும் கடமை தவறாமல் மூடி, மேலே இரண்டு மிதியும் மிதித்திருந்தார். பழைய குழிகள் இருபதுக்கு நடுவே என் குழி எது என்று அவருக்கே தெரியவில்லை. எனக்கும் தெரியவில்லை. விழுந்த இடத்தைப் பார்க்கவேண்டிய நேரத்தில் நான் மேற்கோள் காட்டிக்கொண்டிருந்தேன்.

இரக்கப்பட்டு மாற்று வாய்ப்பு ஒன்று தந்தார்கள். பேசிப்பேசி மூச்சு வாங்கிய உடம்பு. குண்டு நேராக, வட்டத்தைச் சுற்றியிருந்த காப்புக் கூண்டின் வலைக்குள் போய் அடைக்கலம் புகுந்தது. ஆறாவது எறியும் அதன் வழியே போயிற்று. நான்காமிடம்.

 அம்பத்தூரில் பேருந்தைவிட்டு இறங்கும்போது கோதண்டம் சொன்னார்: "பேச்சுல நீ ஜெயிச்சிட்ட. அதுக்குள்ள அவன் மண்ண போட்டு மூடிட்டான்."

மறுநாள் மேலாளர் அறையில் எனக்காக அவரே வாதாடினார். வாதாடினார் என்பது மிகை. ஒரு வருஷம் குடுங்க சார் என்று ஒரே வாக்கியத்தைக் காபி ஆறும்வரை திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டு நின்றார். ஒரு வருஷம், அதற்குமேல் ஒரு நாள் இல்லை என்றார் மேலாளர். முப்பது நிமிட உரைக்கு நான் ஆயத்தமாக வந்திருந்தேன். பயன்படவில்லை.

5. உட்கார்ந்த நாள்

இரண்டாம் ஆண்டு எட்டுப் பேர் வந்துவிட்டார்கள். செய்தி பரவியிருந்தது. ஆவடியிலிருந்து வந்த சகுந்தலா முன்னணியில். என்னைவிட இரண்டு வயது இளையவள், தோள்கள் கதவு அகலம். கடைசிச் சுற்றுக்கு வந்தபோது நான் மறுபடியும் நான்காவது. இந்த எறி தவறினால் கேட் பாஸில் என் கையெழுத்து கிடையாது.

எறிந்தேன். கையை விட்டு அகன்றபோதே தெரிந்துவிட்டது, நல்ல எறி. ஆனால் ஒரு நொடி முந்திவிட்டேன். குண்டு வலப்பக்கம் சாய்ந்து, எல்லை காட்டக் கட்டியிருந்த துணி ரிப்பனுக்கு அருகே விழுந்தது. அங்கு நின்ற நடுவர் சிவப்பைத் தூக்கினார். எல்லைக்கு வெளியே.

வாய் தானாகத் திறந்தது. அதை மூடினேன். விதிப்படி வட்டத்தின் பின்பாதி வழியாக வெளியேறினேன். கூண்டைச் சுற்றிக்கொண்டு, ரிப்பனுக்கு வெளிப்புறமாக நடந்தேன். ஓடவில்லை, ஆனால் மண்வெட்டிக்காரரும் அதே இடம் நோக்கி வந்துகொண்டிருந்ததால் மெதுவாகவும் நடக்கவில்லை. இரண்டடி முன்னதாகப் போய்ச் சேர்ந்தேன். குழிக்கு இருபுறமும் காலை நீட்டி ஈர மண்ணில் உட்கார்ந்துவிட்டேன்.

"யம்மா, நவுரு, மூடணும்" என்றார் மண்வெட்டிக்காரர்.

நடுவர் வந்து எழச்சொன்னார். போட்டியிலிருந்தே நீக்கிவிடுவேன் என்றார். பெண்பிள்ளை இப்படி நடந்துகொள்வதா என்றார். அந்தக் கடைசிக் கூற்றுக்கு மட்டும் என்னிடம் பதினான்கு மறுப்புகள் இருந்தன. ஒன்றையும் சொல்லவில்லை.

"ரிப்பனை இழுத்துக் கட்டுங்க சார். அப்புறம் எழுந்துக்கறேன்."

காலையில் கட்டிய ரிப்பன் வெயிலிலும் காற்றிலும் தொய்ந்து நடுவில் உட்புறமாக வளைந்து கிடந்தது. உட்கார்ந்த உயரத்திலிருந்து பார்த்தால் அது பளிச்சென்று தெரிந்தது. நின்றுகொண்டிருந்தவருக்குத் தெரியவில்லை. தெரிந்துகொள்ளும் விருப்பமும் அவருக்கு இல்லை. எனக்குச் சதை பிடித்துக்கொண்டது என்று எண்ணிய கோதண்டம் கயிற்றுக்கு அப்பாலிருந்து குளுக்கோஸ் பொட்டலத்தை ஆட்டிக் காட்டினார். உயரம் தாண்டிக்கொண்டிருந்த ஆண்களும் அதை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தார்கள். ஒரு பெண் ஒரு குழியருகே உட்கார்ந்திருப்பது அவ்வளவு பெரிய காட்சி.

அடுத்து எறியவேண்டியவள் சகுந்தலா. கையுறையை மாட்டிக்கொண்டு வட்டத்தருகே நின்று நின்று சலித்தவள், ஹாமரைக் கீழே வைத்துவிட்டுக் களத்தின் கோடிவரை வேகமாக நடந்து வந்தாள்.

"இன்னாக்கா இது, எவ்ளோ நேரம், கை ஆறிப்போவுது. ரிப்பனத்தானே இழுக்கணும்?"

யாரும் தடுக்கும் முன் கோடியிலிருந்த முளையைப் பிடுங்கினாள். அந்தத் தோள்களின் முழு வலிமையோடு ரிப்பனை இழுத்தாள். ஒரு கல்லை எடுத்து முளையை அடித்து இறக்கினாள். வளைந்து கிடந்த துணி விண்ணென்று நேரானது. குழி நான்கு விரற்கடை உள்ளே இருந்தது.

நடுவர் குனிந்து பார்த்தார். மண்வெட்டிக்காரரும் குனிந்து பார்த்து, "உள்ளதான் கீது சார்" என்று யாரும் கேட்காமலே சாட்சி சொன்னார். வெள்ளைக் கொடி எழுந்தது. டேப் வந்தது. நாற்பத்தொரு மீட்டரும் சொச்சமும். சகுந்தலாவின் சிறந்த எறியைவிட ஒரு முழம் அதிகம்.

அவளுக்கு இன்னும் ஒரு வாய்ப்பு இருந்தது. கை உண்மையிலேயே ஆறிப்போயிருக்கவேண்டும். என் குழிக்கு இரண்டு முழம் இப்பால் விழுந்தது. மேடையில் எனக்கு அடுத்த படியில் நின்றுகொண்டு, புகைப்படக்காரரைப் பார்த்துச் சிரித்தபடியே, உதடு அசையாமல் சொன்னாள்:

"தெரிஞ்சிருந்தா இழுத்தே இருக்க மாட்டேன்க்கா."

அவள்மேல் எனக்கு மரியாதை பிறந்த கணம் அது. அதன்பின் மூன்று முறை நான் மாநிலத்தில் வாகை சூடினேன், இரண்டு முறை அவள். ஒவ்வொரு போட்டிக்கு முன்பும் நாங்கள் இருவரும் சேர்ந்து போய் ரிப்பனை இழுத்துப் பார்த்துவிட்டுத்தான் உடம்பைச் சூடேற்றத் தொடங்குவோம்.

பதக்கம் வாங்கத் திரும்பியபோது கோதண்டம் பின்னாலிருந்து, "முதுக காட்டாதமா, பின்னாடி பூரா சேறு" என்றார். காட்டினேன். என் வேலையை நிரந்தரமாக்கிய ஆணையின் மை அந்தச் சேறு, அதை மறைப்பானேன்.

விளையாட்டு ஒதுக்கீட்டில் வரும் தங்கைகளுக்குச் சொல்கிறேன். விதிகளைப் படியுங்கள், நடுவரைவிட அதிகமாகப் படியுங்கள். வாதாடவும் செய்யுங்கள், வாயை அடக்கு என்று சொல்ல நான் எழுதவில்லை. ஆனால் முதலில் உங்கள் குழிக்குப் போய்ச் சேருங்கள். அளப்பதற்கு ஒன்று மிச்சமிருந்தால்தான் வாதத்துக்கு மதிப்பு.

நிரந்தர ஆணை வந்த மாதமே திருமுல்லைவாயிலில் ஒரு பட்டிமன்றம். வெற்றிக்குத் தேவை சொல்லா, செயலா என்பது தலைப்பு. எனக்குத் தந்தது சொல் அணி. மனச்சாட்சி சிறிதும் உறுத்தாமல் இருபது நிமிடம் பேசி முதற்பரிசு வாங்கினேன். அங்கே எவரும் மண்வெட்டியோடு நிற்கவில்லை.