மூட்டைக்கு ஒரு சேவ்

குன்னூருக்குக் கீழே உள்ள ஒரு தேயிலைத் தொழிற்சாலையின் கணினிகளைப் பார்த்துக்கொள்வது என் வேலை. அங்கே சாயங்காலம் இலை லாரிகள் வந்து நின்றால் போதும், எடைத்திரை உறைந்துவிடும். ஒரு மூட்டையை எடை போட்டதும் திரை அப்படியே நிற்கும். காத்திருக்கும் மூட்டைகளுக்குள் இலை சூடேறிச் சிவக்கும். சிவந்த இலைக்கு யார் நல்ல விலை கொடுப்பார்கள்? விவசாயிகள் சத்தம் போடாமல் என்ன செய்வார்கள்?

பழி, சாயங்கால ஷிப்டில் எடை போடும் அக்காவின் தலையில் விழுந்தது. காலை ஷிப்ட் ஆள் உட்கார்ந்தால் திரை ஓடுகிறது, இவர் உட்கார்ந்தால் நிற்கிறது. அதனால் இவருக்குக் கை வரவில்லை என்று மேனேஜர் முடிவு கட்டிவிட்டார். திங்கட்கிழமை முதல் தூள் சலிக்கும் அறைக்கு மாற்றப்போவதாகவும் சொல்லிவிட்டார். அக்காவுக்கு இளைப்பு உண்டு. அந்தத் தூசியில் ஒரு வாரம்கூடத் தாங்கமாட்டார். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. மெஷின் நின்றால் மனுஷியை மாற்றுவார்களாம்!

ஆனால் கோபத்தைவிட எனக்குக் குடைச்சல்தான் அதிகம். இவரிடம் மட்டும் ஏன் நிற்கிறது? அக்காவின் பக்கத்தில் ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்தேன். மடியில் என் லேப்டாப்பில், டேட்டாபேஸ் செய்வதெல்லாம் வரிவரியாக ஓடியது. திரை நிற்கும்போதெல்லாம் அதில் ஒரே வார்த்தை வந்தது: செக்பாயின்ட்.

அது ஒன்றும் பெரிய மர்மமில்லை. ஒரு எடை பதிவானதும் டேட்டாபேஸ் முதலில் அதைக் குறிப்பாக டிஸ்கில் எழுதிவிடும். அதோடு எடை பத்திரம். அசல் அட்டவணையை நினைவகத்தில் திருத்தி வைத்துக்கொண்டு, அவ்வப்போது மொத்தமாக டிஸ்கில் இறக்கும். அதுதான் செக்பாயின்ட். பாத்திரங்களைத் தொட்டியில் சேரவிட்டு ஒரேயடியாகக் கழுவுகிற மாதிரி. இங்கேயோ ஒவ்வொரு தம்ளருக்கும் குழாயடிக்கு ஓட்டம். ஓடும்போதெல்லாம் தொழிற்சாலையின் மற்றக் கணக்குகளும் கூடவே இறங்க, பழைய டிஸ்க் திணறியது. யார் ஓடச் சொன்னது?

அப்போதுதான் அக்காவின் விரலைப் பார்த்தேன். ஒவ்வொரு மூட்டைக்கும் திரையின் மூலையில் இருந்த சேவ் பட்டனை அழுத்தினார். கேட்டால், ஒரு மழைக்காலத்தில் கரண்ட் போய், அப்போதிருந்த பழைய சாப்ட்வேரில் எடையெல்லாம் அழிந்துபோனதாம். மூட்டைக்கு ஒரு சேவ் என்று மேனேஜரே அன்று உத்தரவு போட்டு, புதியதிலும் பட்டனைக் கேட்டு வாங்கியிருந்தார். அந்தப் பட்டனுக்குப் பின்னால் எழுதியிருந்த நிரலைப் பிரித்துப் பார்த்தேன். அழுத்தினால் நேராக ஒரு செக்பாயின்ட். காலை ஷிப்ட் ஆள் அந்தப் பட்டனைத் தொட்டதே இல்லை.

பட்டன் இல்லாமலே எடை பத்திரம் என்று சொன்னேன், மேனேஜர் நம்பவில்லை. கரண்ட் போனால் யார் பதில் சொல்வது என்றார். மரம் விழுந்து லைன் அறுகிற ஊரில் அது நியாயமான பயம்தான். அக்கா பட்டனைத் தொடாமல் எடை போடட்டும், நடுவில் நீங்களே பிளக்கைப் பிடுங்குங்கள் என்றேன். கடைசி லாரிக்கு வேகமாக எடை போனது. பாதியில் பிடுங்கினார்.

மறுபடி இயக்கினோம். திரை வரவில்லை. ஆர்வக்கோளாறில் நான் செக்பாயின்ட்டுகளுக்கு நடுவே இடைவெளியை மிக அதிகமாக வைத்திருந்தேன். கடைசியாக இறக்கியதற்குப் பிறகு எழுதிய குறிப்புகளையெல்லாம் டேட்டாபேஸ் முதலிலிருந்து படித்து முடித்தால்தான் எழும். மேனேஜர் வாட்சைப் பார்த்தார். அக்கா முந்தானையை முறுக்கிக்கொண்டிருந்தார்.

திரை வந்தது. பிடுங்குமுன் கடைசியாகப் போட்ட மூட்டையின் எடை அப்படியே இருந்தது. இடைவெளியைக் கொஞ்சம் குறைத்து, இறக்குவதும் மெதுவாகப் பரவலாக நடக்கும்படி மாற்றிவைத்தேன். பட்டனை எடுத்துவிடுங்கள் என்று சொல்லிவிட்டு மேனேஜர் கிளம்பினார்.

"ஏனுங்க சார்," என்றார் அக்கா, குரலை உயர்த்தாமல். "நீங்க சொன்னபடி அழுத்துனதுக்குத்தானுங்களா எனக்குக் கை வரலைன்னீங்க?"

மேனேஜர் வாசலிலேயே நின்றார். "திங்கக்கிழமையும் இங்கயே உக்காருங்க," என்றார்.

அக்கா அடுத்த மூட்டையைத் தராசில் ஏற்றச் சொன்னார். எடையைப் பதிந்ததும் பழக்கத்தில் மூலைக்குப் போன விரலை மெல்ல இழுத்துக்கொண்டார்.