அசையாமல் கிடக்க ஓர் ஒத்திகை

நாஞ்சில் நாடு திருவிதாங்கூர்-கொச்சி ராஜ்யத்தோடு இருந்த காலம். என் வீட்டுக்காரர் வடசேரிச் சந்தையில் வாழைக்குலை வியாபாரம் செய்துவந்தார். சின்ன வயதில் வந்த அம்மை அவருடைய இடது கண்ணைக் கொண்டுபோய்விட்டது. மிச்சமிருந்த வலது கண்ணிலும் புரை விழுந்து, மட்டிக் குலையா கதலிக் குலையா என்று தடவிப் பார்த்து விலை சொல்லும் நிலைக்கு வந்துவிட்டார்.

திருவனந்தபுரத்துக் கண் டாக்டர் எதையும் மறைக்கவில்லை. புரையை அறுத்து எடுத்துவிடலாம். ஆனால் அதற்குப் பிறகு பத்து நாள் கண்ணைக் கட்டி, தலைக்கு இரண்டு பக்கமும் மணல்பை வைத்து, மல்லாந்தபடியே கிடக்க வேண்டும். புரண்டால் தையல் விட்டுவிடும். கண் போனது போனதுதான்.

இவரோ ஒரு வேளைச் சோற்றுக்கு நாலு தடவை எழுந்திருக்கிற ஆள். ராத்திரி பாயை விட்டு உருண்டுபோய்ச் சுவரில் முட்டிக்கொள்வார்.

"இப்பம் மங்கலாட்டாவது தெரியுது. அதும் போச்சுண்ணா?" என்று பஸ்ஸில் வழிநெடுகப் புலம்பினார். கேட்டுக் கேட்டு எனக்கு எரிச்சல் வந்துவிட்டது.

"வீட்டுல ஒரு நாள் கெடந்து பாருங்க. முடியல்லண்ணா அறுக்காண்டாம்" என்றேன்.

மறுநாள் விடிந்ததும் தலையணை உறை இரண்டில் மணலை நிரப்பினேன். அவரை மல்லாக்கப் படுக்க வைத்து, கண்ணை வெள்ளைத் துணியால் கட்டினேன். கஞ்சியைக் கரண்டியால் ஊட்டினேன். கால் மட்டும் சும்மா இருக்கவில்லை. விடுவேனா? பெருவிரல் இரண்டையும் சேர்த்து ஒரு கிழிசலால் கட்டிப்போட்டேன். பார்க்கிறவர்கள் என்ன நினைப்பார்கள் என்பது எனக்கு உறைக்கவே இல்லை. சாயங்காலம் விளக்கேற்றி அவர் தலைமாட்டில் வைத்துவிட்டுக் கிணற்றடிக்குப் போனேன்.

அந்த நேரம் பார்த்தா மார்த்தாண்டத்திலிருந்து அவருடைய அக்காள், என் மயினி, வந்திறங்க வேண்டும்! தலைமாட்டில் விளக்கு, கட்டிய பெருவிரல், ஆடாமல் அசையாமல் தம்பி.

"எனக்க பொன்னு தம்பி, என்னிய விட்டுட்டுப் போயிட்டியே!"

வாளியைப் போட்டுவிட்டு ஓடிவந்தேன். மயினி மாரில் அடித்துக்கொண்டு அழுகிறாள். அக்கம்பக்கத்தார் வாசலில் கூடிவிட்டார்கள். நான் கட்டிய கட்டுதான், நான் வைத்த விளக்குதான். ஆனால் இத்தனை கூப்பாட்டுக்கும் இந்த மனிதர் அசையவில்லையே! என் புத்தி பேதலித்துவிட்டது. அவர் தோளைப் பிடித்து உலுக்கி, அக்காளைவிட உரக்க அழுதேன்.

"ஏட்டி, ஆட்டாத. தையல் விட்டிரும்" என்றார், உதடு மட்டும் அசைய.

மயினி அலறியடித்துப் பின்னால் போனாள். விஷயம் புரிந்ததும் என் பக்கம் திரும்பினாள். "பொணத்துக்குக் கெட்டுத மாதிரி கெட்டி வச்சிருக்கியே, ஒனக்கு மூளை இருக்கா?"

மல்லுக்கட்டி அவரைக் கண் டாக்டரிடம் கூட்டிப்போனவள் நான்தான். அந்த நிமிஷத்தில் எனக்கு எதுவுமே வேண்டியிருக்கவில்லை, அவர் உயிரோடு இருந்தால் போதும்.

"அறுக்காண்டாம். கண்ணு போனா போட்டு. நான் கையப் பிடிச்சு நடத்துகேன்" என்றேன்.

அவர் அப்போதும் தலையைத் திருப்பவில்லை. கையை மட்டும் நீட்டி என் கன்னத்தைத் தடவினார், ஈரமாக இருந்தது.

"எனக்காவ இப்பிடி அழுறவளுக்க மொகத்தத் தெளிவா பாத்து மூணு வருசம் ஆச்சுட்டி. போவோம்."